வயது, தொழில், திருமண நிலையை வைத்து உளநோயை நியூரல் நெட்வேர்க் முன்கூட்டியே சொல்லுமா? மட்டக்களப்புத் தரவுக்கு உதவி தேவை

வாவிமீன் | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கணினி விஞ்ஞானம் இறுதியாண்டு படிக்கிறேன், ஊர் செங்கலடி. ஆய்வுத் தலைப்புக் கொடுக்க இன்னும் 3 கிழமை இருக்கிறது.

என் எண்ணம் இதுதான். ஒருவருடைய வயது, பால், படிப்பு, தொழில், திருமண நிலை, வருமானம், வீட்டில் எத்தனை பேர் என்ற விபரங்களை நியூரல் நெட்வேர்க்குக்கு, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே படிக்கும் கணினி வலைக்குக் கொடுத்து, அவருக்கு மனச்சோர்வோ பதகளிப்போ வரக்கூடுமா என்று சொல்ல வைப்பது. எங்கள் பக்கம் யுத்தம், 2004 சுனாமி, கடன், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய்மார் என்று எல்லாமே இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் ஏற்கெனவே குடும்ப விபரம் உண்டு. அதை வைத்தே யாருக்கு ஆபத்து என்று முதலே கண்டுபிடித்தால் நல்லதுதானே?

சோதித்துப் பார்க்க, காகிள் தளத்தில் கிடக்கும் 2014 ஆம் ஆண்டு தொழில்நுட்பத்துறை உளநலக் கணக்கெடுப்பை எடுத்தேன். 1,259 பேர், 27 நிரல்கள். வலையின் நடுவில் இரண்டு மறை அடுக்கு, ஒவ்வொன்றிலும் 64 அலகு, கடைசியில் 0க்கும் 1க்கும் இடையில் விடை தரும் ஒரு சிக்மொயிட். துல்லியம் நூற்றுக்கு 80ஐத் தாண்டிவிட்டது! இரவு 2 மணிக்கு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "படு பிள்ள, விடிய மழைக்குள்ள பஸ்சுக்கு ஓடணும்" என்றா.

இதையே மட்டக்களப்புக்குச் செய்ய எனக்குத் தரவு வேண்டும். எங்கே கேட்பது, யாரிடம் கேட்பது?


சம்மாந்துறையான் | வெள்ளி, இரவு 10.05

நல்ல தலைப்பு தங்கச்சி, விடாதீங்க. 64 அலகு காணாது. நாலைந்து அடுக்குப் போடுங்க, ட்ரொப்அவுட் 0.5 வைங்க (வலை பாடமாக்காமல் இருக்க, பழக்கும்போது பாதி அலகை மாறி மாறி அணைப்பது), எடையைத் திருத்த அடம் ஒப்டிமைசர், கூகுள் கொலாபில் இலவசமாக ஓடும். 90ஐத் தொடலாம். நான் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இப்படி ஒரு தலைப்பு எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. எல்லாரும் நூலகப் புத்தகம் இரவல் கொடுக்கும் மென்பொருள்தான் செய்தோம். பெயர் மட்டும் வேற வேற.


கல்லடிப்பாலம் | வெள்ளி, இரவு 11.50

தங்கச்சி, ஓட்டுமுன் அந்தக் கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்தீர்களா? வயது நிரலில் ஒருவர் 99999999999 என்று எழுதியிருக்கிறார். இன்னொருவரின் வயது சைபருக்குக் கீழே 1726. வயது 329 ஆனவரும் ஒருவர் உண்டு. பால் என்ற நிரலில் தெரிவுப் பெட்டி இல்லை, விரும்பியதைத் தட்டெழுதலாம், எழுத்துப் பிழையோடு பல பத்து விதமாக எழுதியிருக்கிறார்கள். அதைத் துப்புரவாக்காமல் ஓட்டியிருந்தால் உங்கள் வலை படித்தது என்ன என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அது சின்ன விஷயம், திருத்தலாம். பெரிய விஷயம் இரண்டு.

முதலாவது, நீங்கள் எதை ஊகிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்? அந்தக் கோப்பில் இலக்கு நிரலின் கேள்வி "உளநோய் இருக்கிறதா" என்பதல்ல. "உளநலப் பிரச்சினைக்குச் சிகிச்சை நாடியிருக்கிறீர்களா" என்பதுதான். நோய் இருப்பதும் சிகிச்சைக்குப் போவதும் ஒன்றா? அமெரிக்காவில் காப்புறுதியோடு வேலை பார்க்கும் ஒரு மென்பொருள்காரருக்கு வேண்டுமானால் இரண்டும் கிட்டக் கிட்ட வரும். அதிலே பதில் சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் "ஆம்" என்கிறார்கள். கொக்கட்டிச்சோலைச் சந்தியில் நின்று கேட்டால் பாதிப்பேர் ஆம் என்பார்களா?

இரண்டாவது, "உளநலப் பிரச்சினை உங்களுக்கு இருந்தால் அது வேலையைப் பாதிக்கிறதா" என்று ஒரு நிரல் இருக்கும். பிரச்சினை இல்லாதவர் அதை வெறுமையாக விட்டுவிடுவார். 264 இடம் வெறுமை. வெறுமை என்றால் அவர் சிகிச்சைக்குப் போகவில்லை என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும், உங்கள் வலைக்கும் தெரிந்துவிட்டது. வினாத்தாளிலேயே விடை எழுதிக் கிடக்கிறது. அந்த நிரலை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிறகு குடும்ப வரலாற்றையும் வேலைத்தள நிரல்களையும் எடுத்து, வயது, பால், நாடு மட்டும் வைத்து ஓட்டுங்கள். உங்கள் தலைப்பு குடித்தொகைக் காரணிகள் பற்றியது, அதனால் அந்த மூன்றாவது எண்தான் உங்களுடைய உண்மையான எண்.

@சம்மாந்துறையான், அடுக்கைக் கூட்டச் சொல்லும் முன் ஒரு கணக்கு. நிரல்களை 0, 1 ஆக விரித்தால் 40 உள்ளீடு வரும் என்று வைப்போம். 64, 64, 1 என்று போட்டால், வலை திருத்தித் திருத்திப் படிக்கும் எண்களான எடைகள் மட்டும் 6,720. பயிற்சிக்கு நூற்றுக்கு 80 எடுத்தால் ஆட்கள் 1,007. ஒரு ஆளுக்குக் கிட்டத்தட்ட 7 எடை. இது படிப்பதில்லை, பாடமாக்குவது.


சம்மாந்துறையான் | சனி, காலை 6.30

அதுக்குத்தானே ட்ரொப்அவுட் என்றேன் காக்கா. சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஒரு பாடசாலையே நடத்தியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வெறுமை நிரல் சங்கதி சரி. நான் பார்க்கவில்லை.


வாவிமீன் | சனி, மாலை 5.15

ஓட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிரலை எடுத்ததும் எழுபது சொச்சத்துக்கு இறங்கியது. வயது, பால், நாடு மட்டும் வைத்தால் அறுபதைச் சுற்றி ஆடுகிறது, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒவ்வொரு எண். பாதிப்பேர் ஆம் என்ற கோப்பில் காசைச் சுண்டினாலே 50 வரும் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி. அது வெளிநாட்டுத் தரவு. எங்கள் வைத்தியசாலைக் கிளினிக் பதிவேட்டில் இருந்து எடுத்தால் நோயே பதிவாகியிருக்கும்தானே? டொக்டர் எழுதிய நோய்ப்பெயர். அப்போது இந்தப் பிரச்சினை வராது அல்லவா?


களப்பணி அக்கா | சனி, இரவு 8.20

வாவிமீன், நான் உளநலப் பிரிவில் களத்தில் வேலை செய்பவள், அம்பாறை மாவட்டக் கரையோரமும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையும் இரண்டும் பார்த்திருக்கிறேன். கணினி தெரியாது. பதிவேட்டைப் பற்றிச் சொல்லலாம்.

எங்கள் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவதற்கு முன் என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு தாய் இருக்கிறா என்று வையுங்கள், நான் பார்த்த பலரைச் சேர்த்து ஒரு ஆளாகச் சொல்கிறேன். நித்திரை இல்லை. யாரிடமும் "மனம் சரியில்லை" என்று சொல்ல மாட்டா. "தலைக்குள்ள ஊருது, நெஞ்சு அடைக்குது, கைகால் உளையுது" என்று ஓபிடிக்கு, வெளிநோயாளர் பிரிவுக்குப் போவா. அங்கே வலி மாத்திரை கிடைக்கும். ஆறு மாதம் அப்படியே போகும். அதற்குள் மாமியார் ஒரு இடத்தில் நூல் கட்டிவிடுவா. முஸ்லிம் வீடு என்றால் ஓதிப் பார்ப்பார்கள், தண்ணி ஓதிக் கொடுப்பார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, சிலருக்கு அது பெரிய ஆறுதல். யுத்த காலத்தில் பிள்ளையைத் தேடின தாய்மார் அம்மன் கோவிலில் வாக்குக் கேட்டுத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் மட்டக்களப்பில் நின்று அதைப் பற்றி ஆய்வே செய்திருக்கிறா.

இதெல்லாம் தாண்டி, பக்கத்து வீட்டில் யாராவது கிளினிக் போய்ச் சுகம் கண்டவர் சொன்னால், பஸ் காசு இருந்தால், வயல் வேலை இல்லாத நாளாக இருந்தால், மாரியில் பாதை வெள்ளத்தில் மூழ்காமல் இருந்தால் எங்களிடம் வந்து சேருவா. அப்போதுதான் பெயர் ஏறும்.

அதனால் பதிவேட்டில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஆட்கள் கூடவாகவும் படுவான்கரை ஆட்கள் குறைவாகவும் இருப்பார்கள். உங்கள் கணினி அதைப் பார்த்து என்ன படிக்கும்? வாவிக்கு மேற்கே இருப்பவருக்கு மனக்கவலை வராது என்று படிக்கும். மேற்கேதான் யுத்தம் கூட அடித்தது.


பழைய வாத்தியார் | ஞாயிறு, காலை 7.10

பிள்ளைகளே, நான் திருக்கோவில் ஊர்ப் பக்கத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இங்கே எழுதுவது அபூர்வம். தலைப்பைப் பார்த்ததும் நெஞ்சில் ஒரு சின்னக் குத்து, அதனால் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 22 வயதில் மனப்பிளவு நோய் வந்தது. ஆண்களுக்கு அந்த வயதை அண்டித்தான் பெரும்பாலும் தொடங்கும் என்று டொக்டர் பிறகு விளக்கினார். மருந்தோடு நன்றாகத்தான் இருக்கிறான், தோட்டம் செய்கிறான், கத்தரியும் பயற்றையும் என்னைவிட நன்றாகக் காய்க்க வைப்பான். ஆனால் எங்கள் வீட்டு மூன்று பெண் பிள்ளைகளின் கலியாணப் பேச்சில் அவன் பெயர் வராத நாள் இல்லை. தரகர் நேரே கேட்பதில்லை. "தம்பியார் எப்படி இருக்கார்?" என்று ஒரு இழுவை இழுப்பார். அந்த இழுவைக்கு எங்கள் அம்மா பத்து வருடம் பயந்தா.

நோய் வந்த ஒருவனுக்கே இந்தப் பாடு. நோய் வராத பிள்ளையைக் கணினி "வரலாம்" என்று ஒரு பட்டியலில் போட்டு, அந்தப் பட்டியல் கிராம உத்தியோகத்தரின் மேசையில் கிடந்தால்? நம் ஊரில் எந்த மேசையில் எந்தக் கடதாசி இரகசியமாகக் கிடந்திருக்கிறது?

பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறா. அதுவும் விளங்குகிறது.


சம்மாந்துறையான் | ஞாயிறு, பகல் 1.45

சேர், நீங்கள் சொல்வது நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் எல்லாரும் சேர்ந்து தங்கச்சியைக் கையைக் கட்டி உட்கார வைக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பில் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர், அம்பாறையில் 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர். இத்தனை பேருக்கும் எத்தனை உளநல வைத்தியர்? விரல் விட்டு எண்ணலாம். அக்கா போன்றவர்கள் எத்தனை பேர்? எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. அப்போது எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று ஏதோ ஒரு முறையில் தெரிவு செய்யத்தானே வேண்டும். இப்போதும் தெரிவு நடக்கிறது, யார் சத்தமாகக் கேட்கிறாரோ அவருக்கு முதலில். அதைவிட ஒரு சுமாரான கணினிப் பட்டியல் மேல் இல்லையா?

சுனாமியில் எங்கள் உம்மாவின் தங்கச்சி வீடு, சாய்ந்தமருதுவில், ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. சாச்சி 5 வருடம் கடற்கரைப் பக்கம் முகம் திருப்பவில்லை. மீன்கூட வாங்க மாட்டா. வீடு கட்டிக் கொடுக்கப் பலர் வந்தார்கள், கணக்கெடுக்க அதைவிடப் பலர் வந்தார்கள், "நித்திரை வருதா" என்று ஒருவர் கேட்கவில்லை. அவருடைய வயதும் இடமும் இழப்பும் எத்தனை படிவத்தில் இருந்தன! ஒரு இயந்திரம் அந்தப் படிவங்களைப் பார்த்து "இந்த வீட்டுக்குப் போ" என்று சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோசம்தான்.


கல்லடிப்பாலம் | ஞாயிறு, இரவு 9.30

நியாயமான கேள்வி, அதனால் கணக்கோடு வருகிறேன். வாத்தியார் சேர் பிழை பிடிக்கலாம்.

உள்ளூருக்குக் கிட்டிய ஒரு எண்ணை எடுப்போம். 2009இல் யுத்தம் முடிந்த கையோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வு ஒன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. நெருக்கீட்டுக்குப் பிந்திய உளப்பாதிப்பு நூற்றுக்கு 7, மனச்சோர்வு 22.2, பதகளிப்பு 32.6. யாழ்ப்பாணம் மட்டக்களப்பு அல்ல, 2009 இன்றும் அல்ல. கணக்குக்காக 7ஐ மட்டும் கடன் வாங்குகிறேன்.

10,000 பேர். 700 பேருக்குப் பாதிப்பு. நம் வலை நல்ல வலை என்று வைப்போம்: பாதிப்பு உள்ளவரில் நூற்றுக்கு 80 பேரைப் பிடிக்கிறது, இல்லாதவரில் 80 பேரைச் சரியாக விடுகிறது. வெறும் வயது, பால், தொழிலை வைத்து இந்த அளவு வந்தால் எனக்குப் பெரிய ஆச்சரியம், ஆனால் வரட்டும். பிடிபடும் உண்மையானவர் 560. மிச்சம் 9,300 பேரில் தவறாகப் பிடிபடுபவர் 1,860. பட்டியல் நீளம் 2,420. அதில் நாலு கதவில் மூன்று பிழையான கதவு. 140 பேர் பட்டியலுக்கு வெளியே, "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்ற முத்திரையோடு.

வாத்தியார் சொன்ன நோயை எடுத்தால் இன்னும் மோசம். மனப்பிளவு உலகில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர். 10,000க்கு 33. அதே வலை 26 பேரைப் பிடிக்கும், கூடவே சும்மா இருந்த 1,993 பேரையும். சாதாரண வீட்டுப் பிள்ளைகள் 1,993 பேரின் பெயர் பட்டியலில். தரகருக்கு இழுக்க அவ்வளவு இழுவை இல்லை.

இதிலே இன்னொரு வேடிக்கை. "யாருக்கும் ஒன்றும் இல்லை" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லும் சோம்பேறிக்கு முதல் கணக்கில் துல்லியம் 93. நம் கெட்டிக்கார வலைக்கு 80. ஆகவே துல்லியம் என்ற ஒரு எண்ணை மட்டும் ஆய்வேட்டில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். சரியாகப் பிடித்தது, பிழையாகப் பிடித்தது, தவறவிட்டது, சரியாக விட்டது என்ற நாலையும் காட்டும் குழப்ப அணியை முழுதாகப் போடுங்கள்.

நான் என் கையிலிருந்து போட்ட கணக்கு இது, சரி. உலகத்தில் செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? தற்கொலை எண்ணம், முயற்சி பற்றி 50 வருட ஆய்வுகள் 365ஐ ஒன்றுசேர்த்து ஃபிராங்க்ளின் குழு 2017இல் பார்த்தது. தனித்தனி ஆபத்துக் காரணிகளை வைத்து ஊகிப்பது குருட்டுவாக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். மருத்துவ முன்கணிப்பில் நியூரல் நெட்வேர்க் போன்ற இயந்திரக் கற்றலையும், ஆம், இல்லை என்ற விடையை ஊகிக்கும் பழைய புள்ளிவிபர முறையான லொஜிஸ்டிக் ரிக்ரஷனையும் ஒப்பிட்ட 71 ஆய்வுகளை 2019இல் ஒரு குழு அலசியது. ஒழுங்காகச் செய்த ஒப்பீடுகளில் இயந்திரக் கற்றலுக்கு மேலதிக இலாபம் எதுவும் தெரியவில்லை. படத்துக்கும் குரலுக்கும் நியூரல் நெட்வேர்க் ராசா. பத்து நிரல் அட்டவணைக்கு அது போடியார் வயலுக்கு விமானம் கொண்டுபோன கதை.

எங்கள் நாட்டுக் கதை ஒன்றோடு முடிக்கிறேன். 1995இல் இலங்கையில் தற்கொலை ஒரு இலட்சத்துக்கு 47, உலகிலேயே உச்சங்களில் ஒன்று. பிறகு அது நூற்றுக்கு 70 அளவில் விழுந்தது. யாரையும் முன்கூட்டி அடையாளம் கண்டதால் அல்ல. கடும் நஞ்சான பூச்சிகொல்லிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்ததுதான் பெரிய காரணம். யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.


மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 10.10

தலைப்பு இந்தப் பக்கம் திரும்பியதால் ஒரு குறிப்பு. வாசிப்பவர் யாருக்காவது இப்போதே மனம் தாங்கவில்லை என்றால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். தமிழிலும் பேசலாம். விவாதம் தொடரட்டும்.


சம்மாந்துறையான் | ஞாயிறு, இரவு 11.00

நாலில் மூன்று பிழை என்பது எனக்குப் பெரிய அடியாகத் தெரியவில்லை காக்கா. பிழையான கதவைத் தட்டினால் என்ன குடி முழுகும்? ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம். தட்டாமல் விட்ட கதவுதான் எனக்குப் பயம்.


களப்பணி அக்கா | திங்கள், இரவு 7.45

தம்பி, தேத்தண்ணிக் கதை கேட்க நல்லாத்தான் இருக்கு. தட்டுகிறவள் நான் என்பதால் சொல்கிறேன்.

ஒரு வீட்டு வாசலில் போய் நின்று "உங்களைப் பார்க்க வந்தேன்" என்றால் முதல் கேள்வி, "எங்கட பெயர் எப்படி வந்தது?" இந்த மாவட்டத்தில் பட்டியல் என்ற சொல்லுக்கு ஒரு பழைய பயம் இருக்கிறது. பட்டியலோடு வந்தவர்கள் எல்லாரும் தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் இல்லை. அது உங்கள் வயதுக்குத் தெரியாமல் இருக்கலாம். "கொம்பியூட்டர் சொன்னது" என்று நான் பதில் சொன்னால் அந்தப் படலை பிறகு திறக்காது. அடுத்த வீட்டுப் படலையும் திறக்காது.

அடுத்தது, மனச்சோர்வை அளக்க பி.எச்.கியூ. 9 என்று ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. 9 கேள்வி, மொத்தம் 27 புள்ளி, 10ஐத் தொட்டாலே கவனமாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதைக் கூகுள் படிவமாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஒன்பதாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. ஒரு பிள்ளை அதற்கு "அநேகமாக ஒவ்வொரு நாளும்" என்று இரவு 11 மணிக்குத் தட்டிவிட்டால், அது ஒரு நிரலில் 3 என்று போய் விழும். மூன்று மாதம் கழித்து யாரோ சராசரி எடுப்பார்கள். அந்த இரவு அந்தப் பிள்ளையிடம் யார் போவது? வாவிமீன், நீங்கள் படிவம் அனுப்புவதானால் இதற்குப் பதில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

அப்புறம் உங்கள் நிரல்கள். "திருமண நிலை" என்று மூன்று பெட்டி போடுவீர்கள்: திருமணமானவர், ஆகாதவர், விதவை. 1990இல் கணவரைக் கூட்டிக்கொண்டு போய் இன்றுவரை தகவல் இல்லாத பெண் எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவா? பொட்டும் வைத்திருப்பா, திருமணமானவர் என்றே போடுவா. உங்கள் கணினிக்கு அவவும் போன மாதம் கலியாணம் கட்டினவளும் ஒன்று.

"சொந்த வீடு உண்டா?" எங்கள் பக்கம் தமிழரோ முஸ்லிமோ, வீடு பெண் பிள்ளைக்குத்தான். சீதனமாக அவள் பெயரில் எழுதுவார்கள், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். வீட்டு உறுதியில் பெண் பெயர் இருப்பதைப் பார்த்து வசதியான பெண் என்று கணினி எண்ணும். அந்த வீட்டை எழுப்ப உம்மாவோ அம்மாவோ குவைத்திலும் சவூதியிலும் எத்தனை வருடம் சட்டி கழுவினா, அப்பா எத்தனை கடன் பட்டார் என்பது எந்த நிரலில் வரும்? வேறு ஊரில் வீடு உள்ளவருக்கு மனநிம்மதி கூட என்று வந்திருக்கலாம். இங்கே மகளுக்கு வீடு முடியவில்லையே என்ற கவலைதான் என் கிளினிக்கில் பாதி.


பழைய வாத்தியார் | திங்கள், இரவு 8.30

கணக்கு சரி பார்த்தேன். 560ஐ 2,420ஆல் வகுக்க 0.231. பிழை இல்லை.

களப்பணி மகளே, அந்த மூன்று பெட்டி விஷயம் நான் ஒரு குடிசன மதிப்பீட்டில் கணக்கெடுக்கப் போனபோதே பட்ட பாடு. ஒரு தாய் என் கையைப் பிடித்து "நீங்களே ஒண்டப் போடுங்க சேர்" என்றா. நான் போட்டேன். எதைப் போட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன்.


கரவாகு கடற்காற்று | திங்கள், இரவு 9.05

ஆக மொத்தத்தில் பைதன் கணினி மொழி படிப்பதைவிடப் பாய் பின்னலாம் என்கிறீர்கள். மருதமுனையில் நெசவுக்கு ஆள் தேவை, யாருக்கும் விருப்பமா?


கல்லடிப்பாலம் | திங்கள், இரவு 9.20

பைதன் வேண்டாம் என்று யார் சொன்னது. கேள்வியை மாற்றச் சொல்கிறோம். சட்டப் பக்கம் ஒன்று: 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தரவு விசேட வகை. கிராம உத்தியோகத்தரின் கோப்பை நலன்புரிக்கு என்று வாங்கி, உளநோய் ஊகத்துக்குத் திருப்புவது அவ்வளவு இலேசான காரியம் இல்லை. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு வரியும் தொடாதீர்கள்.


வாவிமீன் | புதன், இரவு 10.30

இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை, கோபம் இல்லை. முதல் நாள் கொஞ்சம் இருந்தது.

அக்காவுக்குத் தனிமடல் போட்டுக் கேட்டேன், உங்களுக்கு உண்மையிலே எது தெரிந்தால் உதவி என்று. யாருக்கு நோய் வரும் என்பது எனக்குத் தேவையில்லை, வந்து மருந்து எடுத்தவர் ஏன் மூன்றாம் மாதம் வராமல் போகிறார் என்று தெரிந்தால் போதும் என்றா. மருந்து இடையில் நின்றால்தான் திரும்ப விழுகிறார்களாம். அவ சொன்ன காரணங்களைக் கேட்டால் எல்லாம் எண்ணாக எழுதக்கூடியவை. வெள்ளாமை வெட்டுக் காலமா, மாரியா, வீட்டிலிருந்து கிளினிக்குக்கு எத்தனை பஸ், தோணித்துறை தாண்ட வேண்டுமா, கூட வர ஆள் உண்டா, கடைசி முறை எத்தனை மணி நேரம் காத்திருந்தார், மருந்துக்குக் கை நடுங்கியதா.

இங்கே இலக்கு நிரலில் சந்தேகமே இல்லை. வந்தார், வரவில்லை, இரண்டில் ஒன்று. பட்டியலும் ஏற்கெனவே கிளினிக்குக்கு வருபவரின் பட்டியல்தான், புதிதாக யார் பெயரிலும் முத்திரை விழாது. பிழையாகப் பிடித்தால் நட்டம் ஒரு போன் அழைப்பு. சம்மாந்துறையான் அண்ணா சொன்ன தேத்தண்ணி இங்கே பொருந்துகிறது.

முதலில் லொஜிஸ்டிக் ரிக்ரஷன், அதற்குப் பிறகு ஒரு சின்ன வலை, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடப் போகிறேன். வலை தோற்றால் தோற்றது என்றே எழுதுவேன். அப்படி எழுதினால் புள்ளி குறையுமா என்றுதான் கொஞ்சம் பயம்.


சம்மாந்துறையான் | புதன், இரவு 10.50

குறையாது. குறைத்தால் நான் வந்து சண்டை போடுகிறேன். திகதியை மறந்துவிடாதீங்க, பழைய மாதங்களில் பழக்கி, புதிய மாதங்களில் சோதிக்கணும். எல்லாத்தையும் கலக்கிப் பிரித்தால் போன பெரும்போக வெட்டு இரண்டு பக்கமும் வந்துவிடும். நோன்பு மாதத்தையும் ஒரு நிரலாகப் போடுங்க. பகலில் மருந்து விழுங்க முடியாமல் நேரம் மாற்றுகிறார்கள், கிளினிக்குக்கும் வருவது குறையும் என்று எனக்கு ஒரு ஊகம். சாச்சி அப்படித்தான்.


கல்லடிப்பாலம் | வியாழன், காலை 5.55

நோன்பு நல்ல யோசனை. அது ஒவ்வொரு வருடமும் 11 நாள் அளவில் முன்னுக்கு நகரும், மாத எண்ணை மட்டும் கொடுத்தால் பிடிபடாது. வைகாசிச் சடங்குக் கிழமையையும் சேருங்கள். கண்ணகை அம்மன் கதவு திறந்தால் படுவான்கரையில் யார் கிளினிக்குக்கு வருவது.


களப்பணி அக்கா | வியாழன், இரவு 8.00

பிள்ள, செவ்வாய்க்கிழமை வராதீங்க, அன்றைக்குக் கிளினிக், என்னால் நிமிரவும் முடியாது. அனுமதிக் கடிதம் கிடைத்த பிறகு ஒரு புதன் காலை வாங்க. பதிவேட்டைப் போனில் படம் எடுக்கக் கூடாது, பெயர் நிரலை நான் கடதாசியால் மூடித்தான் தருவேன், மிச்சத்தை நீங்கள் கொப்பியில் எழுத வேண்டும். பென்சில் கொண்டு வாங்க. எங்கள் பேனைகள் ஒன்றும் எழுதாது.


வாவிமீன் | வியாழன், இரவு 8.10

வருகிறேன் அக்கா. செங்கலடியில் இருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று யாருக்காவது தெரியுமா?